மூச்சக்காவும் பட்டன் அண்ணனும்

அந்த மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில் அவரை எல்லாரும் மூச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தலைமை டாக்டர் முதல் தரை துடைக்கிற அம்மா வரைக்கும் அப்படித்தான். ஒருமுறை சம்பளப் பிரிவிலிருந்து ஓர் ஆள் வந்து அவருடைய சொந்தப் பேரைச் சொல்லி விசாரித்தபோது, "அப்படி யாரும் இங்க வேலை பாக்கலையே" என்று வரவேற்பில் இருந்த பெண் கையை விரித்துவிட்டாள். மூச்சக்கா அப்போது அவளுக்குப் பின்னாலேயே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பேர் வந்த கதை சின்னதுதான். அவர் சி.டி. ஸ்கேன் எடுக்கிற டெக்னீஷியன். புது இயந்திரம் வந்து இறங்கியபோது அதற்குள்ளேயே ஒரு பெண் குரலும் சேர்ந்து வந்தது. எப்போது மூச்சை இழுக்க வேண்டும், எப்போது பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று அந்தக் குரல் சொல்லும். ஆனால் சொல்வது யாருக்கும் புரியாத ஒரு மொழியில். படுத்திருப்பவர்கள் மிரண்டு போவார்கள். "உள்ள ஏதோ ஒரு பொம்பள என்னைத் திட்டுறாங்க" என்று ஒரு பெரியவர் பாதியில் எழுந்து வந்தேவிட்டார். மூச்சில் உடம்பு அசைந்தால் படம் கலங்கிவிடும். திரும்ப எடுக்க வேண்டும். திரும்ப எடுத்தால் கதிர்வீச்சு கூடும். பார்த்துப் பார்த்து அலுத்துப்போன அக்கா, இயந்திரத்தின் விளக்கப் புத்தகத்தைப் புரட்டி, குரலை மாற்ற வழி இருப்பதைக் கண்டுபிடித்தார். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கதவைச் சாத்திக்கொண்டு தன் குரலிலேயே பதிந்து வைத்தார்.

"மூச்சை நல்லா உள்ள இழுங்க... அப்படியே பிடிச்சுக்கோங்க... சரி, இப்ப விட்டுடுங்க."

அந்தச் 'சரி'யில் ஓர் ஆறுதல் இருந்தது. அதற்குப் பிறகு படங்கள் தெளிவாக வந்தன. அக்கா விடுப்பில் போன நாட்களிலும் அவர் குரல் வேலை செய்தது. "உங்களுக்கு லீவு எதுக்குக்கா, பாதி ஆள் இங்கதானே இருக்கீங்க" என்று வாசல் காவலர் கேலி செய்வார்.

அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் குறித்த நாளில் வரவில்லை என்றால் அவருக்கு மனசு ஆறாது. மற்றவர்கள் கணினியில் 'வரவில்லை' என்று தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். அதில் தப்பு சொல்வதற்கும் இல்லை, வெளியே நாற்காலி கொள்ளாமல் ஆட்கள் காத்திருப்பார்கள். அக்காவும் அடுத்த ஆளைக் கூப்பிடத்தான் செய்வார். ஆனால் வேலை முடிந்து பையை எடுக்கும் முன், வராதவருக்கு ஒரு போன் போட்டுவிடுவார். இதற்குப் பெரிய காரணம் ஏதாவது இருக்குமா என்று அவர் கணவரிடம் யாரோ கேட்டதற்கு, "ஒரு காரணமும் கிடையாதுங்க. பேப்பர் போடுறவர் ரெண்டு நாள் வரலைன்னா பேப்பரைத் தேட மாட்டா, அவருக்கு உடம்புக்கு என்னன்னு தேடுவா. அப்படியே பொறந்தவ" என்றார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஆட்களைச் சரியான நேரத்துக்குக் கொண்டு சேர்ப்பது எவ்வளவு பாடு என்று அவருக்கும் தெரியும்.

அப்படி ஒருநாள் போன் போட்டபோதுதான் தையல்காரர் கிடைத்தார்.

தையல்காரருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கடைத்தெரு முனையில் சின்னக் கடை. சட்டை, சீருடை தைப்பார். இடுப்பில் வலி என்று வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்கில் காட்டியதில், சிறுநீரகத்தில் ஒரு கட்டி தெரிகிறது, மருந்து ஏற்றி சி.டி. எடுத்தால்தான் அது என்னவென்று சொல்ல முடியும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு முறை நாள் கொடுத்தும் கணினியில் 'வரவில்லை' என்றே இருந்தது.

"ஏங்க வரலை? பயமா இருக்கா?" என்று அக்கா கேட்டார்.

"வந்தேங்க. ரெண்டு தடவையும் வந்தேன்" என்றார் தையல்காரர். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க."

"யாரு அனுப்பினது?"

"அவங்க மேல தப்பு இல்லைங்க. எங்க அண்ணன் சத்தம் போட்டுட்டார்."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மெல்ல மெல்லத்தான் விஷயம் வெளியே வந்தது. தையல்காரருக்கு ஓர் அண்ணன். உடம்பு ஐம்பது வயது ஆணுடையது. மனசு ஐந்து வயதுப் பிள்ளையுடையது. பிறவியிலேயே அப்படி. பெற்றவர்கள் போன பிறகு அண்ணனும் தம்பியும் மட்டும்தான். அண்ணன் நாளெல்லாம் கடையில் தம்பியின் காலடியில் உட்கார்ந்து, ஒரு பெரிய டப்பாவில் இருக்கிற பட்டன்களை நிறம் நிறமாகப் பிரிப்பார். பிரித்து முடித்ததும் எல்லாவற்றையும் கொட்டிக் கலக்கிவிட்டு மறுபடி பிரிப்பார். தம்பி கண்ணில் படாமல் போனால் அலறிவிடுவார். அதனால் தம்பி கடைக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் அண்ணன் கூடவே போவார். தம்பியின் சொந்தக் கல்யாணப் பேச்சு அந்தக் காரணத்தாலேயே எப்போதோ நின்றுபோயிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குள்ள வர்ற வரைக்கும் நல்லாத்தான் இருந்தார். அந்த டோக்கன் மணி அடிச்சுது பாருங்க, 'டிங் டாங்'னு. காதைப் பொத்திக்கிட்டு கத்த ஆரம்பிச்சுட்டார். பக்கத்துல இருந்த குழந்தைங்க எல்லாம் அழுதுச்சு. செக்யூரிட்டி வந்து, அமைதியானதும் கூட்டிட்டு வாங்கன்னார். அந்த மணி இருக்கற வரைக்கும் அவர் அமைதி ஆகமாட்டாருங்க."

"சரி, அந்த மணி இல்லைன்னா?"

"மணி இல்லாமலா?" என்றார் தையல்காரர், ஏதோ கட்டடத்தையே இடித்துத் தருவதாக யாரோ சொன்ன மாதிரி.

மறுநாள் அக்கா தலைமை டாக்டரின் அறைக்குப் போனார். தலைமை டாக்டர் இருட்டறையில் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து படங்களைப் படித்து அறிக்கை சொல்கிறவர். நியாயமான மனுஷி, ஆனால் தலைக்கு மேல் வேலை. முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "காலையில டோக்கன் மிஷின் போடறதுக்கு முன்னாடி ஒரு ஆளை எடுத்துடலாம்னு சொல்றீங்க" என்றார்.

"ஆமா டாக்டர். நான் கொஞ்சம் முன்னாடியே வந்துடறேன்."

"நீங்க வருவீங்க, தெரியும். எனக்குப் பயம் என்னன்னா, இன்னைக்கு ஒருத்தருக்குன்னு ஆரம்பிச்சா நாளைக்கு ஊரே கேக்கும்."

"ஊரே கேக்கணும்னுதான் டாக்டர் எனக்கும் ஆசை" என்றார் அக்கா. டாக்டர் சிரித்துவிட்டார். அனுமதியும் கொடுத்தார்.

அந்தக் காலை நன்றாகத்தான் தொடங்கியது. கூடத்தில் ஆளில்லை, மணியில்லை. அண்ணன் டப்பாவை மார்போடு அணைத்தபடி தம்பியின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தார். வெளுத்த சட்டை, இஸ்திரி மடிப்புக் கலையவில்லை, கழுத்து வரைக்கும் பட்டன் போட்டிருந்தது. அக்காவின் கோட்டைப் பார்த்ததும் நேரே வந்து அதிலிருந்த பட்டன்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. அதைக் காட்டித் தலையை ஆட்டினார்.

"கண்டுபிடிச்சுட்டீங்களே! விழுந்துடுச்சு, கையில கிடைச்சதைத் தைச்சுட்டேன்" என்றார் அக்கா. அன்றைக்கே அவருக்குப் 'பட்டன் அண்ணன்' என்று பேராகிவிட்டது.

அண்ணனைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டு, தம்பியைப் படுக்கையில் படுக்கவைத்து, கையில் ஊசிக்குழாய் பொருத்தினார் அக்கா. படுக்கை மெல்ல நகர்ந்து அந்தப் பெரிய வளையத்துக்குள் போகத் தொடங்கியதுதான் தாமதம், பட்டன் அண்ணன் எழுந்தார். அவர் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும்? ஏதோ ஒன்று வாயைத் திறந்து தம்பியை விழுங்குகிறது. ஓடிப்போய்க் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார். அக்கா பாய்ந்து நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். அதற்குள் அண்ணன் தம்பியின் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். குழாய் பிடுங்கிக்கொண்டது, ரத்தம் படுக்கை விரிப்பில் சொட்டியது. டப்பா கவிழ்ந்து பட்டன்கள் அறை முழுக்கச் சிதறின.

அன்று ஸ்கேன் எடுக்க முடியவில்லை. தம்பியின் கையில் கட்டுப்போட்டு, அண்ணனைச் சமாதானப்படுத்தி, தரையில் தவழ்ந்து பட்டன் பொறுக்கி முடிப்பதற்குள் வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. தலைமை டாக்டர் அக்காவைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். குரலை உயர்த்தவில்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை. "அந்த நேரத்துல கதிர் போயிட்டு இருந்திருந்தா? அந்த மனுஷன் விழுந்து அடிபட்டிருந்தா? நல்ல மனசு மட்டும் போதாதுக்கா."

டாக்டர் சொன்னதில் நியாயம் இருந்தது. வீட்டுக்குப் போய் உட்கார்ந்த அக்கா, சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ படம் எடுக்கற வேலைக்குப் போறியா, ஊர்ப் பிரச்சினையைத் தீர்க்கற வேலைக்குப் போறியா?" என்றார் கணவர். கேலியாகத்தான் ஆரம்பித்தார், மனைவியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "சரி, சாப்பிடு. நாளைக்கு அந்தத் தையல்காரர்கிட்டயே கேளு. அண்ணனைப் பத்தி அவரைவிட யாருக்குத் தெரியும்?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. நேரத்தை மாற்றினார், மணியை நிறுத்தினார், எல்லாம் செய்தார். அண்ணனை எப்படிப் பழக்கலாம் என்று மட்டும் தம்பியைக் கேட்கவே இல்லை. அடுத்த நாள் வேலை முடிந்ததும் நேரே கடைத்தெருவுக்குப் போனார்.

தையல்காரர் வெட்கத்தில் குனிந்தபடி தைத்துக்கொண்டிருந்தார். "விட்டுடுங்கக்கா. உங்களுக்கும் கெட்ட பேரு. வலி வந்தா மாத்திரை போட்டுக்கறேன்."

"அதெல்லாம் அப்புறம். அண்ணனுக்குப் புதுசா ஒண்ணு பழகணும்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

தையல்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு யோசித்தார். "எதுவா இருந்தாலும் முதல்ல அவருக்குக் குடுத்துடணும்க்கா. எனக்குன்னு ஒரு சட்டை தைச்சாக்கூட, முதல்ல அவர் போட்டுப் பாப்பார். கழட்டிக் குடுத்தப்புறம்தான் நான் போடலாம். முடி வெட்டறதும் அப்படித்தான். அவருக்கு வெட்டினாத்தான் எனக்கு வெட்ட விடுவார்."

"அவ்வளவுதானே!" என்று அக்கா எழுந்தே விட்டார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு மாலை, நோயாளிகள் எல்லாம் போன பிறகு, பட்டன் அண்ணன் ஸ்கேன் அறைக்குள் வந்தார். இந்த முறை தலைமை டாக்டரும் பக்கத்தில் நின்றார். கதிர் எதுவும் வராமல் இயந்திரத்தை வைத்துவிட்டு, படுக்கையை மட்டும் நகர்த்துவது என்று பேசிவைத்திருந்தார்கள். அண்ணன் முதலில் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார். இறங்கினார். மறுபடி உட்கார்ந்தார். கடைசியில் டப்பாவை வயிற்றில் வைத்துக்கொண்டு படுத்தார். படுக்கை நகர்ந்து வளையத்துக்குள் போய் நின்றது. அக்காவின் பதிந்த குரல் கேட்டது.

"மூச்சை நல்லா உள்ள இழுங்க..."

அவர் கண்கள் விரிந்தன. எதிரே நிற்கிற அக்காவின் வாய் அசையவில்லை. குரல் மட்டும் மேலேயிருந்து வருகிறது. கன்னம் இரண்டும் உப்ப மூச்சை இழுத்தார். "பிடிச்சுக்கோங்க" என்றதும் பிடித்தார். "விட்டுடுங்க" என்றதும் ஊதித் தள்ளிவிட்டு, கலகலவென்று சிரித்தார். இறக்கிவிட்டதும் மறுபடி படுத்தார். அதற்கப்புறமும் படுத்தார். தம்பி மூலையில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இதுவரைக்கும் இவ்வளவு ஒழுங்கா மூச்சுப் பிடிச்ச ஆளை நான் பாத்ததில்லை" என்றார் தலைமை டாக்டர்.

உண்மையான ஸ்கேன் அதற்கடுத்த நாள் காலையில் நடந்தது. கதவைத் தாழ்போட்டார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பட்டன் அண்ணனுக்கு ஒரு நாற்காலி, பக்கத்தில் காவலர். முன்பு அவர்களைத் திருப்பி அனுப்பியவரும் அவரேதான். அன்றைக்குத் தானாகவே சீக்கிரம் வந்திருந்தார். தன் சீருடையின் பித்தளைப் பட்டன்களை எண்ணச் சொல்லி அண்ணனிடம் நெஞ்சைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்கேன் தொடங்கியதும் அண்ணன் எண்ணுவதை விட்டுவிட்டு, கண்ணாடிக்கு அப்பால் இருந்த தம்பிக்குக் கையை உயர்த்தி ஆணையிட்டார்: "பிடி! பிடி!" குரல் "சரி" என்றதும் அவரும் "சரி" என்றார். படங்கள் ஒரே தடவையில் தெளிவாக வந்தன.

படத்தில் தெரிந்தது நல்ல செய்தி இல்லை. புற்றுநோய்க் கட்டி. ஆனால் அது சிறுநீரகத்தை விட்டு வெளியே போகவில்லை. இப்போதே அறுவை சிகிச்சை செய்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார் தலைமை டாக்டர். வழக்கமாக அவர் அறிக்கை எழுதி அனுப்புவதோடு சரி. அன்று தையல்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, படத்தைக் காட்டி அவரே விளக்கினார்.

தையல்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "வேண்டாங்க டாக்டர்" என்றார். "ஒரு ஸ்கேனுக்கே இந்தப் பாடு. நான் ஒரு வாரம் படுத்தா அவரை யார் பாப்பாங்க?"

"நீங்க படுக்காம விட்டா, அப்புறம் அவரை யார் பாப்பாங்க?" என்றார் அக்கா. சொன்ன பிறகு கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டோமோ என்று தோன்றியது. ஆனால் சொல்லத்தான் வேண்டியிருந்தது. "அவருக்கு ஓர் இடம் கிடைச்சா படுத்துக்கறேங்க" என்றார் தையல்காரர் கடைசியில்.

இதற்குமேல் தன் கையில் இல்லை என்று அக்காவுக்குத் தெரியும். மருத்துவமனையில் சமூகப் பணியாளர் ஒருவர் இருந்தார். நோயாளிகளின் வீட்டு நிலைமைக்கு உதவி தேடித்தருவதுதான் அவர் வேலை. அவர் அறை வேறு கட்டடத்தில், யாருக்கும் தெரியாத ஒரு மூலையில் இருந்தது. ஸ்கேன் பிரிவிலிருந்து இதுவரை ஒருத்தரும் தன்னைத் தேடி வந்ததே இல்லை என்று ஆச்சரியப்பட்டார் அவர். நகரத்தின் மறுகோடியில், இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்கள் சேர்ந்து நடத்துகிற ஓர் இல்லம் இருப்பதாகச் சொன்னார். பகலில் அழைத்துவந்து விடலாம். தேவைப்பட்டால் சில நாள் தங்கவும் வைக்கலாம்.

முதல் நாள் இல்லத்தில் அண்ணனோடு தம்பியும் கூடவே உட்கார்ந்திருந்தார். அடுத்த நாள் வாசல் வரை போய்த் திரும்பினார். அன்று பட்டன் அண்ணன் சாப்பாட்டுத் தட்டை வீசி எறிந்தார். மூன்றாம் முறை அழுதார், ஆனால் சாப்பிட்டார். அங்கே சமைக்கிற அம்மாவுக்குப் பருப்பு பொறுக்க ஆள் வேண்டியிருந்தது. கல்லையும் பருப்பையும் பிரிக்கிற வேலை அண்ணனுக்குப் பட்டனைவிடப் பிடித்துப்போயிற்று. தம்பியின் அறுவை சிகிச்சைக்காகத் தங்க வேண்டிய நாட்களில் காவலர் தன் விடுப்பைப் போட்டுவிட்டு அங்கே துணைக்குப் படுத்துக்கொண்டார். "நான்தானே முதல்ல வெளிய அனுப்பினேன்" என்று அக்காவிடம் சொன்னார்.

அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். தையல்காரர் கண் விழித்ததும் கேட்டது, "சாப்பிட்டாரா?" என்றுதான். இப்போது அவர் மறுபடி கடையில் தைக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேனுக்கு வருகிறார். அண்ணன் வாரத்தில் பாதி நாள் இல்லத்தில் பருப்பு பொறுக்குகிறார். அந்த நாட்களில் தனியாக உட்கார்ந்து தைப்பது தனக்குத்தான் என்னவோ போல இருக்கிறது என்று தையல்காரர் சொல்கிறார்.

ஸ்கேன் பிரிவிலும் சில மாற்றங்கள் வந்தன. காலையின் முதல் நேரம் மணியில்லாத நேரமாகவே நிலைத்துவிட்டது. நாள் குறிக்கப் போன் செய்கிறவர்கள் இப்போது ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "வர்றதுக்கு ஏதாவது கஷ்டம் இருக்கா?" அதை எப்படிக் கேட்பது என்று பழகத்தான் நாளாயிற்று. தொடக்கத்தில் அக்காவே ஓர் அம்மாவிடம் காத்திருப்புக் கூடத்தில் வைத்து, "வீட்ல சாப்பாட்டுக்கு ஏதும் சிரமமா?" என்று கேட்டுவிட்டார். பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா முகம் சிவந்து, "எங்க வீட்ல எல்லாம் இருக்கு" என்று எழுந்து போய்விட்டார். அதிலிருந்து அப்படிப்பட்ட கேள்விகளை உடை மாற்றுகிற அறையில், கதவைச் சாத்திய பிறகு, மெதுவாகத்தான் கேட்பார். கேட்ட எல்லாருக்கும் வழி கிடைத்துவிடுவதும் இல்லை. எத்தனை முறை கூப்பிட்டும் வராதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அக்கா அவர்களுக்கும் போன் போடுவதை நிறுத்தவில்லை.

சமீபத்தில் ஒரு விடுமுறை நாளில் வீட்டில் போன் அடித்தது. அக்கா அடுப்படியில் நின்றபடி நெடுநேரம் பேசிவிட்டு வைத்தார்.

"யாரு?" என்று கேட்டார் கணவர்.

"நாளைக்கு ஸ்கேனுக்கு வரவேண்டிய அம்மா. வீட்ல ஆடு குட்டி போடற மாதிரி இருக்காம். விட்டுட்டு வரமுடியாதுங்கறாங்க."

"இப்ப ஆட்டுக்குப் பிரசவம் பாக்கவும் கிளம்பப் போறியா?"

"அதெல்லாம் இல்ல, ரெண்டு நாள் தள்ளிக் குடுத்துட்டேன்" என்றார் மூச்சக்கா. அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினார். "ஆனா எத்தனை குட்டின்னு போன் பண்ணிச் சொல்லச் சொல்லியிருக்கேன்."